சுத்தமான பள்ளிக்கூடத்துக்கு லோரி வராது

பள்ளியின் நான்கு குப்பைத் தோங்கையும் தார்ப்பாயில் கவிழ்த்துவிட்டோம். விழுந்த குப்பை ஒரு மூட்டைக்குக்கூடக் காணாது.

"நாலு கிலோதான், டீச்சர்," என்றார் ஹாரூன். பள்ளிகளில் ஒரு நாள் குப்பையை நிறுத்துப் பார்க்க யோங் பெங் குப்பை அள்ளும் கம்பெனியிலிருந்து வந்திருந்தார்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். தலைமையாசிரியர் ஜெயபாலன் சார் பத்தேக் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தார்.

"நம்ம ஸ்கூல் எப்பவும் கிளீன் லா."

ஹாரூன் சிரிக்கவில்லை. "பதினஞ்சு கிலோவாவது இருந்தாதான் இவ்வளவு தூரம் குப்பை லோரி அனுப்புவாங்க, சார். கொறஞ்சா இல்ல."

போன வருடமும் இப்படித்தான் நிறுத்தார்கள். லோரி வராது என்று பதில் வந்தது, ஏன் என்று யாரும் சொல்லவில்லை.

பாலோ டவுனைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது எங்கள் தமிழ்ப்பள்ளி. லோரி இல்லாததால் பின்பக்கம் பீப்பாயில் போட்டு எரிக்கிறோம். புகை நேராக என் முதலாம் ஆண்டு வகுப்புக்குள் வரும். பாதிப் பிள்ளைகள் இருமிக்கொண்டேதான் பாடம் படிக்கிறார்கள்.

தினம் தோங் வழிகிற பள்ளிக்கூடத்தில் இன்றைக்கு மட்டும் குப்பை எங்கே போனது?

நேற்று சபைகூடலில் நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னேன், நம் குப்பையைப் பார்க்க வெளியாட்கள் வருகிறார்கள் என்று. விருந்தாளி வருகிறார்கள் என்றால் நம் வீட்டுப் பிள்ளைகள் என்ன செய்யும்?

"எல்லாரும் பேக்கைத் தொறங்க," என்றேன்.

ஒருவரும் அசையவில்லை. ஷர்மினிதான் முதலில் வந்தாள். கசங்கிய மைலோ டப்பா, இரண்டு பிஸ்கட் உறை. புத்தகத்துக்கு நடுவில் பத்திரமாக வைத்திருந்தாள். பிறகு வரிசையே வந்தது. நாசி லெமாக் சோறு மடித்த தாள், உறிஞ்சுகுழல், பாதி தின்ற ரொட்டி. ஒருத்தன் காலுறைக்குள்ளிருந்து ஐஸ்கிரீம் குச்சியை எடுத்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஏழு கிலோ. அதற்குமேல் தராசு முள் நகரவில்லை.

ஹாரூன் பாவமாக என்னைப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்துக்குத் தலைமையாசிரியர் என்றும் பார்க்கவில்லை. "கிளீன் கிளீன்னு சொல்லிச் சொல்லியே கெடுத்துட்டீங்க, சார்," என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

அவர் தன் காரை நோக்கி நடந்தார். கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார், போகட்டும் என்று நினைத்தேன்.

அவர் பின்கதவைத் திறந்தார்.

உள்ளே நான்கு கறுப்புப் பைகள். பள்ளிக் கண்டீன் குப்பை. அடியில் பழைய நாளிதழ் தடிமனாக விரித்திருந்தது, அதில் காய்ந்த கறை. நாற்றத்துக்கு ஒரு தட்டில் எலுமிச்சம்பழம் அறுத்து வைத்திருந்தார். இன்றைக்கு மட்டும் நடக்கிற வேலையாகத் தெரியவில்லை.

இரண்டு இரண்டாக அவரே தூக்கி வந்தார். உதவப் போன பையனை வேண்டாம் என்று தலையசைத்தார்.

"எத்தனை நாளா சார்?" என்றேன்.

"ரெண்டு வருஷமா. பிள்ளைங்க இருமுறது ஆபீஸ் வரைக்கும் கேக்குது, டீச்சர். குளுவாங்ல எங்க வீட்டு வாசலுக்கு லோரி வரும். கார்ல பிடிக்கிற அளவுக்குக் கொண்டுபோயிடுவேன்."

புகை கொஞ்சம் குறைந்திருந்தது எனக்கும் தெரியும். காற்று மாறிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

முள் பதினெட்டைத் தாண்டி நின்றது. பிள்ளைகள் இந்த முறை இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். சார் மட்டும் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஹாரூனின் பக்கம் குனிந்து, மெல்லக் கேட்டார்.

"அப்போ, போன வருஷம் லோரி வராம போனது என்னாலதானா, தம்பி?"