பச்சையாக நின்ற கன்று

ஆட்டோ வாசலில் வந்து நின்றதும் பர்சானா தோட்டத்துக் கன்றை எட்டிப் பார்த்துவிட்டு மாமியாரிடம் ஓடினாள்.

"மாமி, கண்டுபிடிச்சிருவாவளோ?"

"சும்மா கெட. பச்சப்பசேல்னுதானே நிக்குது," என்ற ஹாஜரா பீவி மகனுக்கு வெந்நீர் போட அடுப்படிக்குப் போனாள்.

தான்சானியாவில் இறந்துபோன தன் அண்ணனின் கபரடியில் பொறுக்கிய விதையிலிருந்து, அந்த ஊர்ப் பெருமரமான பப்பரப்புளியின் கன்று ஒன்றை வளர்த்திருந்தான் பர்சானாவின் புருஷன் அஃப்சல். அதைப் பர்சானாவை நம்பி விட்டுவிட்டுத்தான் போன தடவை விமானம் ஏறியிருந்தான்.

பெட்டியைக்கூட இறக்காமல் தோட்டத்துக்குப் போனவன், இலையைத் தொட்டதும் திரும்பினான்.

"ஏட்டி, இது மரச்சீனிக் கெழங்குச் செடில்லா? இலை மட்டுந்தான் அதே மாதிரி. அண்ணன் மரம் எங்க?"

"அது... இலையெல்லாம் கொட்டிப் பட்டுப்போச்சு. நீங்க வருத்தப்படுவியன்னு..."

"பட்டுப்போகலட்டி! அது கோடையில மொட்டையாத்தான் நிக்கும். சாரல் விழுந்தா துளிர்த்திரும். பிடுங்கி எங்க போட்ட?"

பர்சானா அடுப்படி வாசல் வழியே, அவனுக்கு வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்த அடுப்பில் விறகோடு விறகாக எரிந்த அந்தக் குச்சியைப் பார்த்தாள்.