இருபத்திரண்டு கோப்பை சூப்

சுவிஸ் மலையடிவாரத்தில், பாறை ஏறுபவர்கள் தங்கும் விடுதியில் யோகேஸ்வரி சமைக்கிறாள். ஏறியவர்களில் எத்தனை பேர் உயிரோடு திரும்புவார்கள் என்பதைச் சமையலறைக் கணினித் திரை முன்கூட்டியே சொல்லிவிடும். சூப் வீணாகக் கூடாதாம். யார், ஏன் என்று சொல்லாது. இதுவரை தவறியதும் இல்லை.

காலையில் இருபத்துமூன்று பேர் ஏறினார்கள். மூன்று மணிக்குத் திரையில் எண் இருபத்திரண்டு என்று மாறியது.

அவள் மகள் அபிராவும் மேலேதான் இருந்தாள். உடனே போனில் அவளை அழைத்தாள்.

“பிள்ளை, உடன இறங்கி வா!”

“உச்சியில நிக்கிறன் அம்மா. இறங்கத்தான் இடுப்புக் கயித்தை அவிழ்த்து பாறையில இருக்கிற வளையத்தில மாத்துறன்.”

“கவனம்! ரெண்டு கையாலயும் செய்.”

“எப்பிடியம்மா? மற்றக் கையில போன் இருக்கெல்லோ.”