அண்ணன் மேடு

செண்பகவல்லி வீட்டுச் சமையல்மேடையில், மிக்சிக்குப் பக்கத்தில் உருகுமானி இருந்தது. எல்லா வீட்டிலும் இருப்பதுதான். ஒரு சொட்டு ரத்தம் விட்டால் போதும். சூடேறச் சூடேற மரபிழைகள் ஒன்றையொன்று பிடித்திருந்த பிடியை விடும். விட்ட இடம் திரையில் மேடாக எழும்பும். நல்ல இழையின் மேடு வலப்பக்கம். பழுதுள்ளது சீக்கிரமே பிடியை விட்டுவிடும். அதன் மேடு இடப்பக்கம்.

மூன்று வயதில் இறந்துபோன மூத்த மகன் முகிலனுக்கு இடப்பக்க மேடு மட்டும்தான் இருந்தது. பிறகு பிறந்த நறுமுகைக்கு இரண்டும் இருந்தன. "ஒண்ணு நல்லா இருக்கே, பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் டாக்டர். வல்லி அதைக் காதிலேயே வாங்கவில்லை. இடப்பக்க மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அதற்குப் பெயர் அண்ணன்.

தினமும் மகளின் விரலில் குத்திவிட்டுத் திரைமுன் நிற்பாள். மேடு எழும்பியதும், "வந்துட்டான்" என்பாள்.

இன்று கணவன் மாசிலாமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "பிள்ளையை விட்டுடு வல்லி. அதே மேடு உனக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு. நம்மகிட்ட இருந்துதானே அவனுக்குப் போச்சு? உன் விரலைக் குத்திப் பாரு."

"நம்மகிட்ட இருக்கறது அவனைக் கொன்னதுங்க" என்றாள் வல்லி. "இவகிட்ட இருக்கறதுதான் அவன்."

மாசிலாமணியின் பிடி தளர்ந்தது.

நறுமுகை ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். மற்ற விரல்களை மடக்கிக்கொண்டு சுண்டுவிரலை மட்டும் நீட்டினாள்.

"இதுல குத்தும்மா. மத்ததெல்லாம் வலிக்குது. அண்ணன் இதுலயும் வருவான்ல?"