தோள் வாரைக் குறைக்கணும்

முதுகில் மாட்டி மருந்தடிக்கும் மெஷினை அந்தப் பெண் மேஜை மேல் இறக்கி வைத்ததும், மெக்கானிக் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். தொட்டி பளிச்சென்று இருந்தது. வடிகட்டியில் ஒரு தூசி இல்லை. பெட்ரோலைக்கூட மறக்காமல் வடித்து வைத்திருந்தார்கள்.

“யாரும்மா இதைப் பார்த்துக்கிறது?”

“வீட்டுக்காரர்தாங்க. மருந்தடிச்சுட்டு வந்தா, மூணு தண்ணி விட்டு இதை அலசாம சாப்பிட உட்கார மாட்டார்.”

“இருபது வருஷமா கடை வச்சிருக்கேன். இப்படி ஒரு மெஷின் வந்ததே இல்ல. இதுல நான் பார்க்க என்னம்மா இருக்கு?”

“இந்தத் தோள் வாரை மட்டும் குறைச்சுக் கொடுங்க. எனக்கு ரொம்பக் கீழ தொங்குது.”

“நீங்க எதுக்குத் தூக்கணும்? மனுஷன் மெஷினைத் துடைச்சே களைச்சுட்டாரா?” என்று சிரித்தார் மெக்கானிக்.

அவள் சிரிக்கவில்லை.

“அவர் போய் ரெண்டு மாசமாச்சுங்க. மருந்துக் காத்து நெஞ்சுல இறங்கிடுச்சுன்னு டாக்டர் சொன்னார். அவர் ஒத்துக்கிட்ட வேலை இன்னும் நாலு வயல்ல பாக்கி இருக்கு. நான்தான் முடிச்சுக் கொடுக்கணும்.”

மெக்கானிக் திறந்த மூடியைத் திருப்பி மாட்டினார். “இவ்வளவு கவனமானவர் முகமூடி போட மாட்டாராம்மா?” என்று மெல்லக் கேட்டார்.

அவள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். மெஷினோடு வந்த முகமூடியும் கையுறையும் உறை பிரிக்காமல் அப்படியே இருந்தன.

“இதை எப்படிப் போடறதுன்னு எனக்குச் சொல்லிக் கொடுங்க. அழுக்காயிடும்னு அவர் பீரோவுல வச்சிருந்தாருங்க.”