சொல்லாமல் போட்ட லீவு

“ஆள் எப்படி சார்? நம்பி எடுக்கலாமா?”

போனில் கேட்டவள், புதிதாகத் திறக்கப்போகும் தொழிற்சாலைக்கு ஆள் எடுப்பவள். கேட்டது ஸ்பானரைப் பற்றி. ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டருக்கு அந்தப் பெயர்தான்.

ஃபோர்மேன் கண்ணாடித் தடுப்பு வழியே பார்த்தார். கன்வேயருக்கு அடியில் மல்லாந்து கிடந்த ஸ்பானரின் கால்கள் மட்டும் தெரிந்தன.

இரண்டு வருட மந்தத்தில் முப்பது பேர் போய், ஒர்க்‌ஷாப்பில் மிஞ்சியது இவர்கள் இருவர்தான். இப்போது ஆர்டர்கள் குவிகின்றன. எங்கே பார்த்தாலும் ‘ஆட்கள் தேவை’ போர்டு. இவனும் போய்விட்டால் கை ஒடிந்த மாதிரிதான். ஐம்பத்தாறு வயதில் கன்வேயருக்கு அடியில் போய்ப் படுக்க முடியுமா?

“வேலை தெரிஞ்சவன்தாம்மா. ஆனா...”

“ஆனா?”

“திடீர்னு லீவு போட்டுடுவான். போன வருஷம் மூணு நாள் ஆளையே காணோம். சொல்லவும் இல்ல, கொள்ளவும் இல்ல.”

“ஐயோ, எங்களுக்கு ஒரு நாள்கூட மிஷின் நிக்கக் கூடாது சார். நல்லவேளை சொன்னீங்க.”

போனை வைத்தார். சொன்னது பொய்யில்லை. அந்த மூன்று நாளும் ஸ்பானர் ஆஸ்பத்திரியில் இருந்தான். உள்ளே கிடந்தது ஃபோர்மேனின் மனைவி. ரத்தத்துக்கு அலைந்து, மருந்துக்கு ஓடி, கடைசியில் அவள் உடலை வெளியே கொண்டுவந்தபோதும் கூடவே நின்றான். லீவை யாரிடம் சொல்வான்? சொல்லவேண்டிய ஃபோர்மேனே அவன் தோளில் சாய்ந்து கிடந்தார்.

சாயங்காலம் கை கழுவுகிற இடத்தில் ஸ்பானர் சுரத்தில்லாமல் நின்றான்.

“என்னடா, கப்பல் கவிழ்ந்த மாதிரி நிக்கிற?”

“ஒரு வேலைக்குக் கேட்டிருந்தேண்ணே. இல்லைன்னுட்டாங்க. விசாரிக்கிறதுக்கு உங்க நம்பரைத்தான் குடுத்திருந்தேன். யாராவது கூப்பிட்டாங்களா?”

“இ... இல்லையே.”

“அப்போ ஆபீஸ்ல எவனோ வேட்டு வெச்சுட்டான்.”

“விட்டுத் தள்ளு. இங்க உனக்கு என்ன குறை? நான் இருக்கேன்ல?”

ஸ்பானர் குழாயை மூடினான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“நீங்க எங்கண்ணே இருக்கப் போறீங்க? சின்ன வயசுக்காரங்களா நாலு பேரை எடுத்துட்டு, அடுத்த மாசம் உங்களை அனுப்பப் போறாங்களாம். டைம் ஆபீஸ்ல லிஸ்ட்டையே பார்த்துட்டேன். அதான், என்னோட ஒரு ஃபோர்மேனையும் சேர்த்து எடுத்தாத்தான் வருவேன்னு அங்க பிடிவாதம் பிடிச்சேன். சரின்னுட்டாங்க. அது நீங்கன்னு மட்டும் வாயைத் திறக்கல. தெரிஞ்சா, என்னைப் பத்தி நீங்க சொல்ற நல்ல வார்த்தை எடுபடாமப் போயிடும்ல?”