செவ்வாய்க்கிழமை நோயாளி

பெரிய டாக்டரின் இருபது வருஷப் பெயருக்கு அன்றைய விலை ஒரே ஒரு கையெழுத்து. அதைப் போட வேண்டியவள், மருத்துவப் பத்திரிகைக்கு வரும் ஆய்வுகளைச் சரிபார்க்கும் அம்மாள். பேரம் படிந்துவிட்ட முகத்தோடு டாக்டர் அவள் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"புது மருந்து யாருக்கு, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை யாருக்குன்னு எப்படிப் பிரிச்சீங்க டாக்டர்?"

"சீட்டுக் குலுக்கித்தாம்மா. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது."

"அப்புறம் எப்படி திங்கட்கிழமை சேர்ந்த முப்பது பேருக்கும் புது மருந்து, செவ்வாய்க்கிழமை சேர்ந்த முப்பது பேருக்கும் வெறும் மாத்திரை?"

டாக்டர் நெற்றியைத் துடைத்தார். "கிழமையும் குலுக்கல் மாதிரிதானேம்மா! நோயாளி என்ன, நாள் பார்த்தா வர்றான்?"

"அவங்க பார்க்கலை, நீங்க பார்த்தீங்க. தேறமாட்டாங்கன்னு தோணினவங்களை மறுநாள் வரச் சொன்னீங்க."

கைப்பையிலிருந்து கசங்கிய ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றை எடுத்து வைத்தாள். திங்கட்கிழமைத் தேதி. கீழே டாக்டரின் கையெழுத்தில், 'நாளை வரவும்'.

"இது... யாரோட சீட்டு?"

"செத்துப்போன என் வீட்டுக்காரரோடது. மறுநாள் வந்து வெறும் மாத்திரை வாங்கிட்டுப் போனவர். இந்த ஆய்வு என் மேசைக்கு வரும்னு மூணு வருஷமா காத்துக்கிட்டிருந்தேன்."

"அம்மா, கொஞ்சம் மனசு வைங்க..."

"நாளைக்கு வாங்க டாக்டர்."

அவர் போனதும், 'இது குலுக்கல் ஆய்வு அல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவருடைய கணக்கையும் திருத்தினாள்: திங்கள் முப்பத்தொன்று, செவ்வாய் இருபத்தொன்பது.