அக்கரை டவர்

"என்னங்க, பாப்பாவோட நம்பர் ரோமிங்ல போயிருச்சுன்னு ஃபேமிலி பிளான்ல இருக்கிறதால எனக்கு மெசேஜ் வந்திருக்கு. கூப்பிட்டா எடுக்கவும் மாட்டேங்குறா!" போனில் பதறினாள் மனைவி.

செல்போன் கடைக்காரருக்குச் சிரிப்புதான் வந்தது. "மொட்டைமாடிக்குப் போயிருப்பா. அங்க ஏறினாலே ஆத்துக்கு அக்கரையில இருக்கிற அடுத்த நாட்டு டவரைப் பிடிச்சுக்கும். தினமும் பத்துப் பேர் இதே பஞ்சாயத்தோட கடைக்கு வர்றாங்க."

"காலையில நீங்க அந்த அக்கரைக் கம்பெனி வேலைக்கான ஆர்டரைக் கிழிச்சுப் போட்டதுல இருந்து அவ முகமே சரியில்லை. நம்மகிட்ட சொல்லாம அக்கரைக்கே கிளம்பிட்டாளோ?"

"அவளுக்கு அவ்வளவு தைரியமெல்லாம் கிடையாது. போய் வேலையைப் பாரு."

அவர் போனை வைத்ததும், எதிரே நின்ற வாடிக்கையாளர் தன் போனை நீட்டினார். "எனக்கும் இதே தொல்லைதாங்க. என்ன வழி?"

"நம்ம நெட்வொர்க்கை மட்டும் செட் பண்ணிப் பூட்டிட்டா முடிஞ்சுது. அப்புறம் நாமளா கைவச்சு மாத்தினாத்தான் அக்கரை டவர் கிடைக்கும்."

"தானா மாறிடாதே?"

"மாறவே மாறாது. போன வாரம் என் பொண்ணு போனையே நான்தான் இப்படிப் பூட்டி..."

கடைக்காரரின் கை, வாடிக்கையாளரின் போன்மீது அப்படியே நின்றது.